பலாமரத்து வளைவில் பேய் இல்லை

போடிநாயக்கனூர் பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்த முடிதிருத்தும் கடையில் அன்று காலையிலேயே கூட்டம். மலையிலிருந்து ஏலக்காய் மூட்டைகள் இறங்கியிருந்தன. விலை பேச வந்த தோட்டக்காரர்களும் கமிஷன் கடைக்காரர்களும் முகம் மழித்துக்கொள்ள வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஜீப்பு டிரைவர் உக்கிரபாண்டியின் முறை வந்தது. நாற்காலியில் சாய்ந்து கன்னத்தைக் காட்டினான். சோப்பு நுரையைக் குழைத்துக்கொண்டு வந்த பால்சாமி, கன்னத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டுத் தயங்கினார்.

“என்னத்தண்ணே மழிக்க? போன மாசம் கத்தி போட்டது அப்படியே கெடக்கு. ஒரு காலத்துல உங்க தாடிக்குக் கத்தியத் தீட்டித் தீட்டி எங்கையே தேஞ்சு போச்சு.”

பால்சாமி கேலியாகச் சொல்லவில்லை. ஆனால் பெஞ்சில் இருந்த ஒருவன் சிரித்தான். இன்னொருவன், “பேரு உக்கிரபாண்டி, மொகம் பாப்பாத்தி மாதிரியில்ல இருக்கு” என்றான். கடை முழுவதும் சிரித்தது. உக்கிரபாண்டியும் சிரித்து வைத்தான். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தவன், கடை வாசலில் வலப்பக்கமாக வந்த ஒரு சைக்கிள்காரன் மேல் நேராகப் போய் மோதினான்.

“கண்ணு தெரியலையாய்யா?” என்று சைக்கிள்காரன் கத்தினான்.

அந்தச் சைக்கிள் எங்கிருந்து வந்தது என்று உக்கிரபாண்டிக்கு விளங்கவில்லை. இல்லாத இடத்தில் திடீரென்று முளைத்தது போல இருந்தது. சில மாதங்களாகவே அவனுக்கு அப்படித்தான். ஆடு, மாட்டு வண்டி, மனிதர்கள், எல்லாமே ஓரத்திலிருந்து நடந்து வராமல், நேராக மூக்குக்கு முன்னால் வந்து நின்றன.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தேழாம் ஆண்டு. போடியிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் மலைச்சாலையில் ஜீப்பு ஓட்டுகிறவனுக்கு ஊரில் தனி மரியாதை உண்டு. தோட்ட வேலைக்குப் போகும் ஆட்களை அடைத்துக்கொண்டு, ஒரு பக்கம் பாறையும் மறுபக்கம் பள்ளமுமாக வளைந்து வளைந்து ஏற வேண்டும். உக்கிரபாண்டி பட்டாளத்து வண்டி ஓட்டிப் பழகியவன். ஏலக்காய் வியாபாரி சௌந்தரபாண்டியனின் ஜீப்பு அவன் கையில் பொம்மை மாதிரி ஓடும் என்பார்கள். அப்படிப்பட்டவன் இப்போது மேட்டில் ஏறி இறங்குவதற்குள் களைத்துப்போனான். நெற்றிப்பொட்டில் ஆணி அடித்த மாதிரி ஒரு வலி நாள் முழுக்க இருந்தது. தலையில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஓட்டினான்.

வீட்டில் வேறு விதமான வேதனை. கலியாணமாகி ஏழெட்டு வருஷமாகியும் குழந்தை இல்லை. மனைவி சந்திரவல்லியை அவனுடைய அக்கா வீரலட்சுமி கூட்டிப் போகாத கோயில் இல்லை. பலன் இல்லை என்றதும் பேச்சு மாறியது. “மலட்டுப் பூமியில எம்புட்டு நாளைக்கித்தான் வெதைக்கிறது? வேற பொண்ணு பாக்க வேண்டியதுதான்” என்று சந்திரவல்லியின் காதுபடவே சொல்வாள். சந்திரவல்லி பதில் பேசமாட்டாள். கணவன் தன் பக்கம் திரும்பிப் படுத்தே ஒரு வருஷத்துக்கு மேலாகிவிட்டது என்பதை அவள் யாரிடம் சொல்ல முடியும்? உக்கிரபாண்டிக்கும் அது தெரியும். ஆசையே அற்றுப்போய்விட்டது என்பதை ஓர் ஆண் எந்த வாயால் சொல்வான்? அக்கா மனைவியை ஏசும்போதெல்லாம் அவன் எழுந்து வெளியே போய்விடுவான். அந்த மௌனம் சந்திரவல்லியின் தலையில் பழியாக இறங்கியது.

முடிதிருத்தும் கடையில் சிரித்த சிரிப்பு அவனை நேராக ஞானதுரையின் அறைக்குக் கொண்டுபோய் விட்டது. ஞானதுரை ராணுவ ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கடைத்தெருவில் ஓர் அறை எடுத்து ஊசி போட்டுக்கொண்டிருந்தார். கெட்ட மனிதரல்ல. கனிவாகப் பேசுவார். ஏழைகள் கொடுத்ததை வாங்கிக்கொள்வார். ஆனால் வந்தவனுக்கு என்ன நோய் என்று பார்ப்பதைவிட, வந்தவன் எதைக் கேட்கிறானோ அதைக் கொடுத்து அனுப்புவதே அவருக்குப் பழக்கம்.

கதவைச் சாத்திவிட்டு உக்கிரபாண்டி தலைகுனிந்தபடி விஷயத்தைச் சொன்னான்.

“இவ்வளவுதானே மாப்ளே?” என்றார் ஞானதுரை. “ஆம்பளச் சத்து கொறஞ்சிருக்கு. பம்பாயிலருந்து எண்ணெய் மாதிரி ஒரு ஊசி வருது. வெள்ளக்காரன் கண்டுபுடிச்சது. நாலு போட்டா நீ பழைய உக்கிரபாண்டி.”

“அண்ணே, தலவலியும் தாங்க முடியல. கண்ணு கூட ஒரு மாதிரி...”

“எல்லாம் பலவீனந்தான். ரத்தத்துல சத்து ஏறுனா அதுவும் ஓடிப்போகும்.”

ஏன் குறைந்தது என்று ஞானதுரை கேட்கவில்லை. உக்கிரபாண்டியும் கேட்கவில்லை. இடுப்பில் ஊசி ஏறியது.

ஊசி வேலை செய்தது. இந்தக் கதையின் துயரமே அதுதான். சில வாரங்களில் கன்னத்தில் முடி சொரசொரத்தது. உடம்பில் தெம்பு வந்தது. மறுபடி பால்சாமியின் நாற்காலியில் போய்ச் சட்டமாக உட்கார்ந்தான். இரவில் சந்திரவல்லியின் பக்கம் திரும்பிப் படுத்தான். வீரலட்சுமி பெண் பார்ப்பதைத் தள்ளிப்போட்டாள். ஊரெல்லாம் ஞானதுரையின் கைராசியைப் பேசியது. குறைந்தது நிறைந்துவிட்டது என்று எல்லோரும் நம்பினார்கள். ஆனால் தலைவலி போகவில்லை. பார்வையின் ஓரங்கள் இன்னும் இருண்டன.

மலைச்சாலையில் பலாமரத்து வளைவு என்று ஓர் இடம். பெரிய பலாமரம் ஒன்று சாலைமேல் சாய்ந்து நிற்கும். அங்கே போகும்போதெல்லாம் தன் பக்கத்தில் யாரோ நிற்பதாக உக்கிரபாண்டிக்குத் தோன்றும். சட்டென்று தலையைத் திருப்புவான். திருப்பிய இடத்தில் ஒரு கிளையோ பாறையோ இருக்கும். ஒரு கணம் முன்பு அது அங்கே இருந்ததாக அவன் கண்ணுக்குத் தெரிந்திராது. ‘ஏதோ ஒண்ணு என்கூடவே வருது’ என்று மனதுக்குள் பதிந்துவிட்டது. வண்டியின் முன்பக்கம் எலுமிச்சம்பழம் கட்டினான். சந்திரவல்லியிடம் மட்டும் ஒருநாள் சொன்னான்.

“ஓரத்துல வந்து நிக்குது. திரும்பிப் பாத்தா இல்ல.”

“நெத்தியில துன்னூறு பூசிக்கிட்டுப் போங்க” என்றாள் அவள்.

மாசி மாதத்து ஒரு காலை. மூடுபனி இல்லை. வெயில் பளீரென்று அடித்தது. ஜீப்பு நிறையக் களையெடுக்கும் ஆட்கள். பலாமரத்து வளைவில் வண்டி திரும்பியது. சாலையின் இடது ஓரத்தில், பாறையோடு பாறையாக ஒதுங்கி, தலையில் சாக்கை மடித்துப் போட்டபடி ஒரு மனிதர் நின்றிருந்தார்.

“அண்ணே, ஆளு! ஆளு!” என்று பின்னால் இருந்தவர்கள் அலறினார்கள்.

உக்கிரபாண்டிக்குச் சாலை வெறுமையாகத் தெரிந்தது. ஆள் எங்கே என்று தேடும்போதே வண்டி அதிர்ந்தது. பிரேக்கை மிதித்து நிறுத்தி இறங்கி ஓடினான். சாலையோரத்தில் கிடந்தவர் மொக்கச்சாமி. மேலே ஏலத்தோட்டத்தில் மரக்கிளை கழிக்கும் கவாத்து வேலை பார்க்கிறவர். எத்தனையோ நாள் அவனுடைய ஜீப்பில் அவனருகிலேயே உட்கார்ந்து பேசிக்கொண்டு வந்தவர். அவன் மடியில் தலையை எடுத்து வைத்தபோது கண் திறந்து பார்த்தார். “ஒதுங்கித்தானப்பா நின்னேன்” என்றார். அவ்வளவுதான். உயிர் போய்விட்டது.

போலீஸ் வந்தது. ஜீப்பைக் கொண்டுபோனது. உக்கிரபாண்டியை விசாரித்தபோது அவன் தனக்குத் தெரிந்த உண்மையைச் சொன்னான். “சத்தியமா நான் அவரப் பாக்கல சார். எதுவோ என் கண்ண மறைச்சிருச்சு.”

அந்த ஒரு வாக்கியம் போதுமானதாக இருந்தது. மத்தியானத்துக்குள் அது போடி கடைத்தெருவை எட்டியது. பொழுது சாயுமுன் மலையேறியது. பட்டப்பகலில், இத்தனை வருஷம் வண்டி ஓட்டியவனுக்கு, கண்ணெதிரில் நின்ற ஆள் தெரியவில்லை என்றால் அது பேயில்லாமல் வேறென்ன? பலாமரத்து வளைவில் ஒரு பேய் இருப்பதாக முடிவாயிற்று. சில வாரங்கள் கழித்து வளைவில் ஒரு லாரி பழுதாகி நின்றபோது, அந்தப் பேய்க்குப் பெயரும் கிடைத்துவிட்டது. துர்ச்சாவு செத்த மொக்கச்சாமியேதான் இப்போது அங்கே நின்று வண்டிகளை மறிக்கிறார் என்றார்கள். டிரைவர்கள் பலாமரத்தில் இரும்பாணி அடித்தார்கள். சாலையோரத்தில் கோழி அறுத்தார்கள்.

மொக்கச்சாமியின் மனைவி வேலுத்தாய் தோட்டத்து லயத்தில் இருந்தாள். தொழிலாளிகள் வரிசையாகக் குடியிருக்கும் ஒற்றை அறை வீடுகள் அவை. புருஷன் போன துக்கத்தில் முதலில் நாலு பேர் வந்து உட்கார்ந்தார்கள். பேய்ப் பேச்சு கிளம்பியதும் வருவது நின்றது. அவள் குழாயடிக்குப் போனால் மற்றப் பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார்கள். பெண்டாட்டி பின்னாலேயே அந்த ஆவி வரும் என்று பயம். கங்காணி அழகுமலை அவளைக் கூட்டத்திலிருந்து பிரித்து, தூரத்துக் காட்டில் தனியாகக் காய் பறிக்க விட்டான். உயிரோடு இருந்தபோது யாரையும் கடிந்து பேசாத மனிதரை, செத்தபிறகு ஊரே பார்த்து நடுங்கியது. வேலுத்தாய்க்குப் புருஷன் இரண்டாவது தடவையும் செத்துப்போனார்.

இவை எல்லாம் உக்கிரபாண்டியின் காதுக்கும் வந்தன. ஜாமீனில் எடுத்த சௌந்தரபாண்டியன், கேஸ் முடியும்வரை வண்டியைத் தொடக்கூடாது என்று சொல்லி, சரக்கு அடுக்கும் கிட்டங்கியில் மூட்டை பார்க்கும் வேலை கொடுத்திருந்தார். ஏலக்காய் மணத்துக்கு நடுவே உட்கார்ந்திருப்பான். மூட்டைகளின் ஓரத்தில் யாரோ நிற்பார்கள். திரும்பினால் இருக்கமாட்டார்கள். தலையில் சாக்கு மடித்துப் போட்ட உருவம் அது என்று அவன் மனம் சொன்னது. “ஒதுங்கித்தானப்பா நின்னேன்” என்ற குரல் கேட்டது. சோறு இறங்கவில்லை. ஞானதுரையிடம் மறுபடி போனான்.

“பயந்துட்ட மாப்ளே. மனசுக்குத் தெம்பு வேணும்” என்று சொல்லி அவர் ஊசியின் அளவைக் கூட்டினார்.

ஒரு நாள் காலை, உக்கிரபாண்டி வீட்டில் சுவரோரமாக உட்கார்ந்திருந்தான். சந்திரவல்லி கொதிக்கக் கொதிக்கக் கஞ்சியைக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு அவன் இடப்பக்கமாக வந்து குனிந்தாள். காற்றிலிருந்து ஒரு கை நீண்டது போல இருந்தது அவனுக்கு. “போயிரு! போயிரு மொக்கச்சாமி!” என்று அலறி இரண்டு கையாலும் தள்ளினான். கஞ்சி முழுவதும் அவள் கையில் கொட்டியது. முழங்கை வரை வெந்துபோயிற்று.

வலியில் சுருண்டு விழுந்தவள் அவனுக்கு நேர் எதிரே கிடந்தாள். அப்போதுதான் அவன் அவளை அடையாளம் கண்டான். “ஐயோ, நீயா? நீ எங்கிட்டிருந்து வந்த?” என்று அழுதான்.

அந்த வலியிலும் சந்திரவல்லிக்கு ஒன்று உறைத்தது. அவள் அடுப்படியிலிருந்து நடந்து வந்தாள். அவன் கண் திறந்துதான் இருந்தது. பேய் என்றால் அவன் கண்ணுக்கு ஏதோ ஓர் உருவம் நடந்து வருவதாவது தெரிந்திருக்க வேண்டும். ஆனால் பக்கத்தில் வந்து குனியும் வரை அவன் எதையும் பார்க்கவே இல்லை.

வெந்த கைக்கு மருந்து போட வீரலட்சுமிதான் அவளை மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். பெரியகுளம் போகும் வழியில், வேப்பமரங்களுக்கு நடுவே இருந்த சின்ன ஆஸ்பத்திரி அது. அங்கே டாக்டர் ஜெயபாக்கியம் என்ற அம்மாள் இருந்தார். மதராசில் படித்தவர். கையைத் துடைத்துக் கட்டுப் போடும்போதே வீரலட்சுமி ஆரம்பித்தாள்.

“அப்படியே இவ கர்ப்பப்பையையும் கொஞ்சம் பாருங்கம்மா. புள்ள தங்குமா தங்காதான்னு சொல்லிட்டா, எந்தம்பிக்கு வேற ஏற்பாடு பாக்கணும்.”

ஜெயபாக்கியம் சந்திரவல்லியை உள்ளே அழைத்துப் போய்ச் சோதித்தார். வெளியே வந்து கையைக் கழுவிக்கொண்டே கேட்டார்.

“இவங்களுக்கு ஒரு குறையும் எனக்குத் தெரியல. இவங்க புருஷனைப் பாத்தாச்சா?”

வீரலட்சுமிக்கு முகம் சிவந்தது. “ஆம்பளைய எதுக்கும்மா பாக்கணும்? எந்தம்பி சிங்கம் மாதிரி இருக்கான்.”

“மதினி, கொஞ்சம் சும்மா இருங்க” என்றாள் சந்திரவல்லி. அத்தனை வருஷத்தில் அவள் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. பிறகு டாக்டரிடம் தணிந்த குரலில் எல்லாவற்றையும் சொன்னாள். தாடி நின்றுபோனதையும், அவன் விலகிப் படுத்ததையும், ஊசி போட்ட பிறகு மாறியதையும் சொன்னாள். தலைவலியைச் சொன்னாள். “பக்கத்துல வந்தா அவருக்குத் தெரியலம்மா. நேரா வந்து நின்னாத்தான் தெரியுது. ஊருல பேய்ங்கிறாங்க” என்றாள்.

ஜெயபாக்கியம் துடைத்துக்கொண்டிருந்த துண்டை அப்படியே வைத்துவிட்டார். “நாளைக்கே அவரைக் கூட்டிட்டு வாங்க. தள்ளிப்போடாதீங்க” என்றார்.

பெண் டாக்டரிடம் இதைப் போய்க் காட்டுவதா என்று உக்கிரபாண்டி மறுத்தான். சந்திரவல்லி கட்டுப்போட்ட கையை அவன் கண்ணெதிரே நீட்டினாள். “இது நேரா நிக்கிது, தெரியுதுல்ல? கெளம்புங்க” என்றாள். அவன் கிளம்பினான்.

ஜெயபாக்கியம் அவனைத் தனக்கு எதிரே முக்காலியில் உட்கார வைத்தார். சின்ன வயதில் பொன்னுக்கு வீங்கி வந்ததா, அடிபட்டதா, சர்க்கரை உண்டா, நாட்டுமருந்து ஏதும் தின்றானா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். உடம்பைச் சோதித்தார். விதைகள் சுருங்கியிருப்பதைக் கண்டார். கடைசியாக, “என் மூக்கையே பாருங்க. தலையைத் திருப்பக்கூடாது. என் விரல் எப்பத் தெரியுதோ அப்பச் சொல்லுங்க” என்று சொல்லி இரண்டு கைகளையும் அகல விரித்து, விரல்களை ஆட்டியபடி மெல்ல மெல்ல உள்ளே கொண்டு வந்தார்.

உக்கிரபாண்டி பேசாமல் உட்கார்ந்திருந்தான். விரல்கள் தோளுக்கு நேராக வந்தன. காதுக்கு நேராக வந்தன. அவன் இன்னும் காத்துக்கொண்டிருந்தான். மூலையில் நின்று பார்த்த சந்திரவல்லி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். டாக்டரின் கைகள் ஏறக்குறைய அவர் கன்னத்தைத் தொடும்போதுதான் அவன், “ஆங், இப்பத் தெரியுது” என்றான்.

“எவ்வளவு நேரமா ஆட்டிட்டிருக்கேன் தெரியுமா?” என்று ஜெயபாக்கியம் மெதுவாகக் கேட்டார்.

பிறகு அவர் விளக்கினார். “மூளைக்கு அடியில கடலைப்பருப்பு மாதிரி ஒரு சின்னச் சுரப்பி இருக்கு. ஆம்பளைக்குத் தாடியும் பலமும் ஆசையும் குடுக்கிற சுரப்பு விதையில ஊறணும்னா, அந்தச் சுரப்பிதான் உத்தரவு போடணும். உங்களுக்கு அதுல ஒரு கட்டி வளருதுன்னு நெனைக்கிறேன். அதனாலதான் உத்தரவு நின்னுபோச்சு. அந்தக் கட்டிக்கு நேர் மேலதான் கண் நரம்பு போகுது. கட்டி நரம்பை அழுத்துறதால ரெண்டு பக்கத்துப் பார்வையும் போயிருச்சு. மதுரையில தலையை எக்ஸ்ரே எடுத்தா உறுதியாத் தெரியும்.”

“ஊசி போட்டதும் சரியாச்சேம்மா?”

“தாடி சரியாச்சு. கட்டி அப்படியே இருந்துச்சு. சுரப்பு குறைஞ்சதுங்கிறது, உள்ள ஏதோ சரியில்லைன்னு உடம்பு சொல்ற சேதி. ஒருத்தருக்கு விதை கெட்டிருக்கும், ஒருத்தருக்குச் சர்க்கரையா இருக்கும், ஒருத்தருக்கு உங்களை மாதிரித் தலையில கட்டி. எதுன்னு பாத்துட்டுத்தான் ஊசியே வேணுமா வேண்டாமான்னு முடிவு பண்ணணும். நீங்க சேதியைக் கேக்காம அதோட வாயைக் கட்டிட்டீங்க.”

உக்கிரபாண்டி கேட்டான்.

“அப்ப... மொக்கச்சாமி?”

ஜெயபாக்கியத்துக்கு அந்தப் பெயர் தெரியாது. வளைவில் இவர் வண்டியில் அடிபட்டுச் செத்தவர் என்று சந்திரவல்லிதான் சொன்னாள்.

“அங்க பேய் கெடையாதா?” என்று அவன் மறுபடி கேட்டான். அந்தக் குரலில் ஒரு கெஞ்சல் இருந்தது. பேய் இருந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். பேய் மறைத்தது என்று அழலாம், கோழி அறுக்கலாம். இப்போது அந்த வளைவில் வெயிலும், ஒதுங்கி நின்ற ஒரு மனிதரும், ஊசி போட்டுக்கொண்டு மீசையை முறுக்கிய ஒரு டிரைவரும் மட்டுமே மிஞ்சினார்கள்.

எக்ஸ்ரே டாக்டர் சொன்னதையே சொன்னது. சௌந்தரபாண்டியன் மதராசுக்கு அனுப்பி வைத்தார். பெரிய ஆஸ்பத்திரியில் மண்டையைத் திறந்து கட்டியை எடுத்தார்கள். பிழைப்பானா என்றே தெரியாமல் சந்திரவல்லி வராந்தாவில் கிடந்தாள். பிழைத்துக்கொண்டான். ஆனால் இடது கண்ணில் பார்வை திரும்பவே இல்லை. வலது கண்ணிலும் பாதிப் பார்வைதான். நரம்பு நசுங்கிய நாட்கள் அதிகம் என்றார்கள். இன்னும் சில மாதம் முன்னால் வந்திருந்தால் என்று ஒரு டாக்டர் ஆரம்பித்து, சொல்லி முடிக்காமல் போய்விட்டார். சுரப்பி இனி வேலை செய்யாது என்பதால், வேறு மாத்திரைகளோடு ஆண் சுரப்பு ஊசியையும் அவர்களே போட்டார்கள். அதே ஊசிதான். இந்த முறை எதற்காகப் போடுகிறோம் என்று தெரிந்து போட்டார்கள்.

ஊருக்குத் திரும்பியதும் அவன் கோர்ட்டில் நடந்ததை நடந்தபடி சொன்னான். தண்டம் விதித்து லைசென்சைப் பிடுங்கிக்கொண்டார்கள். அவன் அதற்கு வருந்தவில்லை. ஞானதுரையின் அறைக்கும் போனான். அவர் அவன் தலையில் இருந்த தழும்பைப் பார்த்ததும் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

“நல்லது பண்றதா நெனச்சேன் மாப்ளே.”

“தெரியும்ணே. ஒரு வார்த்த கேட்டிருக்கலாம். நானும் தலவலின்னு சொன்னவன், இன்னொரு தடவ அழுத்திச் சொல்லியிருக்கலாம். ரெண்டு பேருக்கும் அவசரம்.”

அந்த ஊசியை ஞானதுரை அதன்பிறகு போட்டாரா இல்லையா என்பதைப் பற்றி ஊரில் இரண்டு விதமாகப் பேசிக்கொண்டார்கள்.

உக்கிரபாண்டிக்கு இன்னும் ஒரு வேலை பாக்கி இருந்தது. சந்திரவல்லி அவன் கையைப் பிடித்துக்கொண்டு பஸ்சில் மலையேறினாள். தோட்டத்து லயத்துக்கு முன்னால் வேலை முடிந்து வந்த ஆட்கள் நின்றிருந்தார்கள். வேலுத்தாய் வாசலில் குந்தி முறத்தில் ஏலக்காய் ஆய்ந்துகொண்டிருந்தாள். யாரென்று தெரிந்தும் அவள் கையை நிறுத்தவில்லை. உட்காரச் சொல்லவும் இல்லை.

அவன் அவளைப் பார்ப்பதற்காகத் தலையை முழுவதும் திருப்ப வேண்டியிருந்தது.

“அக்கா, அந்த எடத்துல பேய் இல்ல. அவரு பேயாவும் ஆகல. என் தலைக்குள்ள ஒரு கட்டி இருந்துச்சு. அது என் கண்ண மறைச்சுச்சு. எனக்கு ஒடம்புல கொறை வந்தப்ப, எதனாலன்னு பாக்க வெக்கப்பட்டுக்கிட்டு, ஊசி மட்டும் போட்டுக்கிட்டேன். அன்னைக்கே ஒரு டாக்டரப் பாத்திருந்தா நான் வண்டியத் தொட்டிருக்க மாட்டேன்.”

கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. கங்காணி அழகுமலை, “அப்ப பலாமரத்துல நாங்க பாத்தது?” என்று இழுத்தான்.

“நீங்க எதையும் பாக்கலண்ணே. நான் பாக்கலன்னு சொன்னதத்தான் நீங்க பேயாக்குனீங்க.”

வேலுத்தாயின் கை நின்றது. “அவரு எங்க நின்னாரு?” என்று கேட்டாள். “நடு ரோட்டுல போனாருன்னு சொல்றாங்களே.”

“இல்லக்கா. ஓரத்துல, பாறையோட ஒட்டி, ஒதுங்கித்தான் நின்னாரு. சாகும்போது அவரே அதச் சொன்னாரு. அவரு மேல எள்ளளவும் தப்பில்ல.”

வேலுத்தாய் முறத்தைக் கீழே வைத்தாள். புருஷனைப் பாடையில் தூக்கியபோது கூட வராத அழுகை அப்போது வந்தது. குழாயடியில் அவளைக் கண்டு நகர்ந்துபோன பெண்களில் ஒருத்தி தயங்கித் தயங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு இன்னொருத்தி. அழுது ஓய்ந்த பிறகு வேலுத்தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு உக்கிரபாண்டிக்கு நேர் எதிரே, அவனுக்குத் தெரியும்படியாக வந்து நின்றாள்.

“ஒன்ன மன்னிச்சேன்னு சொல்ல எனக்கு வாய் வரல தம்பி. வரவும் வராது. ஆனா நீ வந்து சொன்ன பாரு, எம்புருசன மனுசனாத் திருப்பிக் குடுத்துட்ட.” அவள் கொஞ்சம் மூச்சு வாங்கினாள். “இத இங்க மட்டும் சொல்லிட்டுப் போயிராத. வெக்கப்பட்டுக்கிட்டு ஊசி தேடிப் போற ஒவ்வொரு ஆம்பளகிட்டயும் சொல்லு. ஒடம்புல ஒண்ணு கொறஞ்சா, ஏன் கொறஞ்சதுன்னு மொதல்ல பாக்கணும், மருந்து அப்புறந்தான். நீ பாக்காம விட்ட நோவுக்கு ஒனக்குக் கண்ணுதான் போச்சு. எனக்கு எல்லாம் போச்சு.”